வீணைக்கு ஓய்வு ஒரு நாள்தான்



நவராத்திரியின் ஒன்பதாம் நாள் சரஸ்வதி பூஜை. பினாங்கில் தமிழர் வீடுகள் பலவற்றில் அன்று புத்தகங்களையும் இசைக் கருவிகளையும் சாமி மேடைக்கு முன்னால் எடுத்து வைப்பார்கள். சந்தனம் குங்குமம் இட்டு, பூச்சூட்டி, விளக்கேற்றிக் கும்பிடுவார்கள். அன்றைக்குப் படிக்கக் கூடாது, வாசிக்கவும் கூடாது. மறுநாள் விஜயதசமி. காலையில் குளித்துவிட்டு வந்து புத்தகத்தை எடுத்து நாலு வரியாவது படிக்க வேண்டும். வீணையை எடுத்து ஒரு கீதமாவது வாசிக்க வேண்டும். இதுதான் பெரியவர்கள் வகுத்த முறை.

இந்த முறையைச் சற்று யோசித்துப் பாருங்கள். வீணைக்குக் கொடுக்கப்பட்ட ஓய்வு ஒரே ஒரு நாள்தான். ஆனால் எத்தனையோ வீடுகளில் நடப்பது வேறு. முப்பது ஆண்டுகளுக்கு முன் பூஜையில் வைத்த வீணை இன்னும் எடுக்கப்படவே இல்லை. அலமாரியின் மேலோ, கண்ணாடிப் பெட்டிக்குள்ளோ, மாடிப்படியின் கீழோ அது கிடக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை தூசி தட்டிப் பொட்டு வைக்கிறார்கள். அத்தோடு சரி.

வாசித்தவர் வீட்டுப் பாட்டியாக இருக்கலாம். திருமணமாகி வந்தபோது பிறந்த வீட்டுச் சீராகக் கொண்டு வந்திருக்கலாம். அவர் காலமானார். பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். பேரப்பிள்ளைகள் கீபோர்டு கற்கிறார்கள். "பாட்டியின் ஞாபகம்" என்று வீணையை மட்டும் யாரும் விற்கவில்லை, யாரும் தொடவும் இல்லை. தொடாமல் வைத்திருப்பதுதான் மரியாதை என்று நினைக்கிறார்கள்.

அந்த மரியாதை வீணைக்கு நன்மை செய்கிறதா, தீமை செய்கிறதா? இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

வீணை எதனால் ஆனது?

தஞ்சாவூர் வீணை சுமார் நான்கடி நீளம். குடம், தண்டி, யாளி முகம் என்று மூன்று பகுதிகள். மரம் பலா. ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்தால் ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. கம்பிகள் ஏழு. நான்கு வாசிப்பதற்கு, மூன்று தாளத்துக்கு. மெட்டுகள் இருபத்து நான்கு. மெட்டுகளை அசையாமல் பதித்த இந்த வடிவம் 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் அமைந்தது என்பது மரபு. தஞ்சாவூர் வீணைக்கு 2013ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வீணை வெறும் மரம் அல்ல. மரம், மெழுகு, உலோகம், பசை, சுரைக்குடுக்கை எல்லாம் சேர்ந்த கூட்டுக் குடும்பம் அது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் முதுமை அடைகிறது. பலா மரத்தின் வைரம் நூறாண்டு தாங்கும். கறையான் கூட அதை எளிதில் தொடாது. ஆனால் மெழுகுக்கும் கம்பிக்கும் அந்த ஆயுள் கிடையாது. வாசிப்பவர் இருக்கும்வரை இந்தக் கூட்டுக் குடும்பத்தை ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்கிறார். கம்பி தேய்ந்தால் மாற்றுகிறார். சுருதி இறங்கினால் ஏற்றுகிறார். வாசிப்பு நின்றதும் அந்தக் கவனிப்பும் நின்று போகிறது.

பினாங்கின் காற்று

பினாங்கு ஒரு தீவு. நான்கு பக்கமும் கடல். ஆண்டு முழுவதும் வெப்பம் 27, 28 பாகையை ஒட்டியே இருக்கும். காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். தஞ்சாவூரில் கோடைக்காலம் என்று ஒன்று உண்டு. மரம் அப்போது காயும். இங்கே அப்படி நீண்ட காய்ச்சல் இல்லை.

மரம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வறண்ட இடத்தில் வைத்தால் திருப்பிக் கொடுக்கும். காற்றில் 80 விழுக்காடு ஈரப்பதம் இருந்தால் மரத்துக்குள் அதன் உலர்ந்த எடையில் சுமார் 16 விழுக்காடு நீர் தங்கும். ஈரப்பதம் 50 விழுக்காடானால் அது ஏறத்தாழ 9 ஆகக் குறையும். இந்த ஏற்ற இறக்கத்தில் மரம் உப்பும், சுருங்கும். அதிலும் ரேகை ஓடும் நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு, குறுக்குவாக்கில் அதிகம். ரேகை வேறு வேறு திசையில் ஓடும் இரண்டு துண்டுகளை ஒட்டியிருந்தால் என்ன ஆகும்? ஒன்று ஒரு பக்கம் இழுக்கும், மற்றொன்று இன்னொரு பக்கம் இழுக்கும். நடுவில் இருக்கும் பசைதான் அகப்பட்டுக்கொள்கிறது.

ஆகவே எப்போதும் ஈரமாக இருப்பதைவிட, ஈரமும் வறட்சியும் மாறி மாறி வருவது மோசம். இரவில் குளிர்சாதனம் ஓடும் அறை, பகலில் சன்னல் திறந்து கிடக்கும் அறை, அந்த அறையில் ஒரு வீணை. பல வீடுகளின் நிலைமை இதுதான். பழைய வீட்டில் கூடத்து மூலையில் சாய்ந்திருந்த காலத்தில் வராத விரிசல், புதிய அடுக்குமாடி வீட்டில் வந்ததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

எது முதலில் போகிறது?

முதலில் போவது கம்பி. கடற்காற்றில் உப்பு இருக்கிறது. எஃகுக் கம்பி துருப்பிடிக்கிறது, பித்தளைக் கம்பி கறுக்கிறது. துருப்பிடித்த கம்பி, பிரடையில் சுற்றி வளையும் இடத்தில் பலமிழக்கும். பல ஆண்டு கழித்து யாராவது ஆசையாக எடுத்து, "சுருதி சேர்த்துப் பார்ப்போமே" என்று பிரடையைத் திருகினால் அது படீரென்று அறுந்து முகத்தில் அடிக்கும். கண்ணுக்கு ஆபத்து. பழைய கம்பியை ஒருபோதும் முறுக்கி ஏற்றக் கூடாது.

இரண்டாவது பிரடை. மரத்துளைக்குள் மரப்பிரடை உராய்ந்து நிற்பதால்தான் சுருதி நிற்கிறது. தினமும் திருப்பினால் இரண்டும் ஒன்றுக்கொன்று பழகியிருக்கும். ஆண்டுக்கணக்கில் திருப்பாமல் விட்டால் ஈரத்தில் உப்பி இறுகிவிடும். வறண்ட அறைக்கு மாற்றினால் சுருங்கி வழுக்கும். இறுகிய பிரடையைக் குறடு போட்டுத் திருகினால் பிரடைப் பெட்டியே பிளந்துவிடும்.

மூன்றாவது மெழுகு. வீணையின் உயிர்நாடி இதுதான். தேன்மெழுகில் கரித்தூள் கலந்து, தண்டியின் மேல் இரண்டு கரை கட்டி, அதன்மேல் வெண்கல மெட்டுகளைப் பதிக்கிறார்கள். நாளாக ஆக மெழுகு காய்ந்து விரிசல் விடுகிறது. வெயில் படும் இடத்தில் இருந்தால் இளகி மெட்டுகள் அமிழ்கின்றன. மேல் ஸ்தாயி மெட்டுகளுக்கு இடையே உள்ள தூரம் ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அங்கே ஒரு மெட்டு ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பழகிய காது கண்டுபிடித்துவிடும். ஒரு பக்கம் அமிழ்ந்தால் கம்பி அடுத்த மெட்டில் இடித்து இரையும்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். வாசித்துக்கொண்டே இருக்கும் வீணைக்கும் மெழுகு கெடும், மெட்டில் கம்பி தடம் பதியும். அதனால்தான் வித்வான்கள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மெழுகை மாற்றி மெட்டு வைத்துக்கொள்கிறார்கள். வாசிக்காத வீணையும் கெடுகிறது, வாசிக்கும் வீணையும் கெடுகிறது. வேறுபாடு என்னவென்றால், வாசிக்கும் வீணை கெட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும். வாசிக்காத வீணை கெட்டது முப்பது ஆண்டு கழித்துத்தான் தெரியும்.

நான்காவது ஒட்டுகள். தண்டியும் குடமும் சேரும் இடம், குடத்தின் மேல் பலகை, யாளி முகம் பொருந்தும் இடம். கம்பிகள் முழு இழுப்பில் இருக்க அப்படியே மறந்துவிட்டால், அந்த இழுப்பு ஓயாமல் ஒட்டுகளைப் பதம் பார்க்கும். தண்டி மெல்ல வளையும். அதற்காகக் கம்பிகள் அனைத்தையும் கழற்றிப் போட்டுவிடுவதும் சரியல்ல. குதிரை இடம் மாறும், அதன்மேல் பதித்த தகடு அசையும். சற்றே தளர்த்தி வைப்பதுதான் நல்லது.

கடைசியாகச் சுரைக்குடுக்கை. பூச்சி துளைத்து உதிர்வது பெரும்பாலும் அதுதான். காகிதக் கூழில் செய்த குடுக்கையாக இருந்தால் ஈரத்தில் ஊறி உருமாறும். வர்ணப் பூச்சின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை படியும். காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மூடிய பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்தால் கேட்கவே வேண்டாம்.

மௌனம் மரத்தைக் கெடுக்குமா?

"வாசிக்க வாசிக்கத்தான் நாதம் பெருகும், வாசிக்காவிட்டால் மரம் ஊமையாகிவிடும்" என்று வித்வான்கள் சொல்வதுண்டு. வயலின் வாசிப்பவர்களும் இதையே சொல்கிறார்கள். அறிவியல் என்ன சொல்கிறது?

1996ல் 'நேச்சர்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. ஈரமான காற்றில் மரத்துண்டுக்குத் தொடர்ந்து அதிர்வு கொடுத்துப் பார்த்தார்கள். மரம் சற்று விறைப்பானது, அதிர்வை விழுங்குவது குறைந்தது. வித்வான்கள் சொன்னதற்குச் சாதகமான முடிவு.

ஆனால் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் வேறொரு சோதனை நடந்தது. ஒரே கைவினைஞர், ஒரே மரத்தில், ஒரே காலத்தில் இரண்டு வயலின்கள் செய்தார். ஒன்றை அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். மற்றொன்றைத் தொழில்முறைக் கலைஞர் தொடர்ந்து வாசித்தார். மூன்று ஆண்டு கழித்து இரண்டையும் வாசிக்கச் சொல்லியும் கேட்கச் சொல்லியும் மதிப்பெண் போட வைத்தார்கள். குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. 2005ல் இந்த முடிவு வெளியானது.

ஆக, மௌனமே மரத்தைக் கெடுக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் அஷ்மோலியன் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஸ்ட்ராடிவாரி 1716ல் செய்த 'மெசையா' என்ற வயலின் உண்டு. முந்நூறு ஆண்டுகளில் அதை வாசித்தது மிகவும் அபூர்வம். இன்றும் புதிதுபோல் இருக்கிறது. காரணம், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. பூட்டி வைத்தார்கள், ஆனால் மறந்துவிடவில்லை.

இத்தாலியின் ஜெனோவா நகரம் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. மேதை பாகனினி 1840ல் மறைந்தபோது, 1743ல் செய்யப்பட்ட தம் வயலினைப் பிறந்த ஊருக்கே விட்டுச் சென்றார். நகராட்சி அதைக் கண்ணாடிப் பேழையில் காக்கிறது. ஆனால் அவ்வப்போது எடுத்து வாசிக்கவும் செய்கிறது. பாகனினி பெயரில் நடக்கும் போட்டியில் வெல்லும் இளைஞருக்கு அந்த வயலினை வாசிக்கும் பேறு கிடைக்கிறது.

இரண்டு வயலின்களும் நலமாகவே இருக்கின்றன. ஆனால் ஒன்று பார்ப்பதற்கு மட்டும், மற்றொன்று கேட்பதற்கும் உரியது. வீட்டில் இருக்கும் வீணையோ பெரும்பாலும் இரண்டிலும் சேராது. அஷ்மோலியனின் கவனிப்பும் அதற்கு இல்லை, ஜெனோவாவின் வாசிப்பும் இல்லை.

யாழுக்கு நேர்ந்தது

கருவி கெட்டால் பழுது பார்க்கலாம். பழுது பார்க்க முடியாத இழப்பு ஒன்று உண்டு. அதற்கு உதாரணத்தை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. தமிழரின் யாழே போதும்.

சங்க காலத்தில் பாணர் கையில் இருந்தது யாழ். பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்று வகைகள் இருந்தன. பத்தர், கோடு, திவவு, நரம்பு என்று உறுப்புகளின் பெயர்கூட இலக்கியத்தில் இருக்கிறது. ஆனால் நூற்றாண்டுகள் போகப் போக யாழ் மெல்ல வழக்கொழிந்தது. அதன் இடத்தை வீணை பிடித்தது. யாழை யாரும் தடை செய்யவில்லை, உடைத்துப் போடவும் இல்லை. ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அதன் விளைவு என்ன? இலங்கையின் காரைதீவில் 1892ல் பிறந்த விபுலானந்த அடிகள், சிலப்பதிகாரம் முதலான நூல்களில் கிடந்த குறிப்புகளைத் துருவித் துருவி ஆண்டுக்கணக்கில் உழைத்தார். கணக்குப் போட்டு நரம்புகளின் சுருதியை மீட்டெடுக்க முயன்றார். அவருடைய 'யாழ் நூல்' 1947ல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வழியே வெளிவந்தது. அதே ஆண்டு அவர் மறைந்தார். அண்மை ஆண்டுகளில் சென்னையில் தருண் சேகர் என்ற இளைஞர் யாழைப் புதிதாகச் செய்து காட்டியிருக்கிறார். பாராட்டப்பட வேண்டிய முயற்சி. ஆனாலும் பாணர் விரல் எப்படி வைத்தார், எந்த இடத்தில் அழுத்தினார், அதைக் கேட்டவர் காதில் என்ன விழுந்தது என்பதை இனி யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடிய கைகள் என்றோ போய்விட்டன.

இன்னொரு ஜார்ஜ்டவுன்

பினாங்கில் இருப்பதுபோல் சென்னையிலும் ஒரு ஜார்ஜ்டவுன் உண்டு. அங்கே வாழ்ந்தவர் வீணை தனம்மாள். 1867ல் பிறந்து 1938ல் மறைந்தவர். வெள்ளிக்கிழமை மாலையில் தம் வீட்டிலேயே வாசிப்பார். பெரிய வித்வான்கள் வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவார்கள். கடைசிக் காலத்தில் வறுமை, பார்வைக் குறைவு. அப்படியும் வீணை ஓயவில்லை. பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் அந்த இசையைப் பாடிக் காத்தார்கள். பிருந்தா வீணையும் வாசித்தார். இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி அதை நடனத்தில் காத்தார். பாட்டி விட்டுச் சென்ற சொத்தில் பெரியது வீணை அல்ல, அதை வாசித்த முறை. அந்த முறை அலமாரியின் மேல் தங்காது. பேத்தியின் கையிலும் குரலிலும்தான் தங்கும்.

என்ன செய்யலாம்?

வீட்டில் பழைய வீணை இருப்பவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலில், வீணையைக் கீழே இறக்கிப் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் நாலு பக்கமும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பூஞ்சை இருந்தால் மென்மையான, உலர்ந்த பருத்தித் துணியால் வெளியே வைத்துத் துடையுங்கள். மூக்கை மூடிக்கொள்வது நல்லது. தேங்காய் எண்ணெய் தடவுவது, புது வார்னிஷ் பூசுவது இரண்டும் வேண்டாம். எண்ணெய் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். புதுப் பூச்சு பழைய வேலைப்பாட்டையும் மறைக்கும்.

துருப்பிடித்த கம்பிகளைச் சிறுகச் சிறுகத் தளர்த்துங்கள். பிரடை அசையாவிட்டால் விட்டுவிடுங்கள், முரட்டுத்தனம் வேண்டாம். குதிரையையும் மெட்டுகளையும் நீங்களே நகர்த்த வேண்டாம். உதிர்ந்த துண்டு எதுவானாலும் ஓர் உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். பழுது பார்ப்பவருக்கு அது உதவும்.

வீணையை வெளிச்சுவரை ஒட்டியும், குளிர்சாதனத்தின் காற்று நேரே படும்படியும், வெயில் விழும் சன்னலோரத்திலும் வைக்காதீர்கள். பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டுப் பருத்தித் துணி போர்த்துங்கள். ஈரப்பதம் காட்டும் சிறிய கருவி கடையில் கிடைக்கிறது. அறையில் முள் மேலும் கீழும் பெரிதாக ஆடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

மெழுகு மாற்றுவது, மெட்டு வைப்பது, ஒட்டு விட்டதைச் சேர்ப்பது ஆகியவை தேர்ந்தவர் கைவேலை. பினாங்கில் ஆள் கிடைக்காவிட்டால் தமிழகத்திலிருந்து கச்சேரிக்கு வரும் வித்வான்களிடம் கேட்டால் வழி சொல்வார்கள். தஞ்சாவூருக்கே அனுப்ப நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். பழைய வீணைகள் சிலவற்றில் யானைத் தந்தமும் மான் கொம்பும் பதித்திருப்பார்கள். தந்தத்தின் அனைத்துலக வணிகத்தைத் தடை செய்யும் முடிவு 1989ல் எடுக்கப்பட்டது. உரிய அனுமதி இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் சிக்கல் வரும். முதலில் விசாரித்துவிட்டுப் பிறகு பெட்டியைக் கட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, சீர் செய்த வீணைக்கு ஒரு கை வேண்டும். வீட்டுப் பிள்ளை கற்றுக்கொண்டால் மிக நல்லது. 'யாருக்கும் நேரமில்லை' என்றால் கற்கும் பிள்ளைக்கு இரவல் கொடுக்கலாம். 1981ல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி மலேசியாவில் தொடங்கிய நுண்கலைக் கோயிலுக்குப் பினாங்கிலும் கிளை உண்டு. தனியே சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். புதிய வீணை வாங்க வசதியில்லாமல் கற்க ஆசைப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எழுத்தில் ஓர் ஒப்பந்தம் போட்டு, "பத்திரமாக வைத்துக்கொள் அம்மா, நவராத்திரிக்கு மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்து வாசி" என்று கொடுத்துப் பாருங்கள். பாட்டியின் ஞாபகம் குறைந்துவிடாது.

பழமை மிகுந்த வீணை, மரம் வெடித்துவிட்டது, கம்பி இழுப்பைத் தாங்காது என்று தேர்ந்தவர் சொன்னால் அதை வற்புறுத்தி வாசிக்க வேண்டாம். அதற்கு அஷ்மோலியன் வழிதான் சரி. கண்காணிப்போடு காக்கலாம். அந்த வீட்டில் பாட்டி வாசித்த பாடல்கள் யாருக்காவது நினைவிருந்தால் அதை இன்றே ஒலிப்பதிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டில் இருந்து கேட்டவராக இருந்தாலும் சரி.

ஜார்ஜ்டவுன் 2008ல் உலக மரபுரிமை நகரானது. பழைய கட்டடங்களை இடிக்காமல் காக்கிறார்கள், பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் ஆள் குடியிருக்காத வீடு சீக்கிரம் சிதையும் என்பது ஊரறிந்த உண்மை. கதவு திறந்து மூடி, விளக்கேற்றி, கூரை ஒழுகினால் ஓடு மாற்றும் ஆள் இருந்தால்தான் வீடு நிற்கும். வீணைக்கும் அதே கதைதான்.

அடுத்த நவராத்திரி வரும். வீணையைத் துடைத்துப் பூஜையில் வையுங்கள், பூச்சூட்டுங்கள், கும்பிடுங்கள். மறுநாள் காலையில் அதை எடுத்து யார் மடியில் வைப்பது என்பதை இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.